பின்வாசல் கேமரா

"யாரோ வேணும்னே புடுங்கி உடறாங்க அம்மிணி. அது யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகோணும்."

ஸ்பீக்கரில் கந்தப்பன் பேசினார். சேலத்தில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். ஆனாலும் நினைப்பெல்லாம் குமாரபாளையத்தில், தம்பி வீட்டுப் பின்வாசல் கேமராவில்தான். அவர் போனில் பார்க்கும்போது அது அடிக்கடி மத்தியானத்தில் ஆஃப்லைன் ஆகிவிடுகிறதாம்.

"கண்டுபுடிச்சுரலாங்கய்யா. நான் மாட்டுன கேமரா எதுக்குப் படுக்குதுன்னு தெரியாம நான் திரும்பிப் போனதில்லீங்க" என்றாள் ரஞ்சனி.

வீம்புக்குச் சொல்லவில்லை. பள்ளிபாளையத்திலிருந்து பவானி வரைக்கும் கேமரா வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள்.

தம்பி மருதாசலம் நூல் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பே வராத முகம்.

"அண்ணன் சொன்னது கேட்டுதில்லீங்க? இந்த ஊட்டுக்கு யாரு வர்றா, யாரு போறான்னு தெரியோணும். அதுக்குத்தான் கேமரா வெச்சிருக்கறது."

மனைவி ராமாத்தாள் பக்கம் திரும்பாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ரஞ்சனி வேலையில் இறங்கினாள். அடாப்டரை மாற்றிப் பார்த்தாள். பழையதே நன்றாக இருந்தது. மோடத்தை அணைத்துப் போட்டாள். சுவரோரம் கேபிளைத் தடவிக்கொண்டே போனாள். எலிக் கடி இல்லை. ஏணி போட்டு ஏறினாள். கேமராவில் பச்சை விளக்கு. போனில் படம் பளிச்சென்று வந்தது.

ராமாத்தாளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பட்டன் போனில் யாரையோ கூப்பிட்டாள். லைன் போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"இன்னைக்கே முடிக்கோணுமா கண்ணு? நாளைக்குக் காத்தால வாங்களேன்."

"ஏனுங்கம்மா, யாராச்சும் வாராங்களா?"

"இல்லீங்களே."

சொன்ன வேகமே காட்டிக் கொடுத்தது. சரி, சுவிட்சை அணைப்பது இந்தம்மாதான் என்று ரஞ்சனி முடிவு கட்டினாள். புருஷன் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் என்ன நடக்கிறதோ. நமக்கெதற்கு? கேட்டவருக்குப் பதில் சொல்லிவிட்டுப் போவோம்.

கந்தப்பன் நம்பரைத் தேடும்போதே பின்வாசல் கேட் கிரீச்சிட்டது.

ஓர் இளம்பெண். அவள் விரலைப் பிடித்தபடி, தத்தித் தத்தி ஒரு குழந்தை. ஏணியில் நின்ற ரஞ்சனியைப் பார்த்ததும் அந்தப் பெண் முகம் வெளுத்துப் போனது.

"எத்தன தடவ கூப்புடறேன், போனை எடுக்க மாட்டியா தனப்பிரியா?" ராமாத்தாள் கேட்டுக்கு ஓடினாள்.

"பஸ்ஸுலயே சார்ஜ் தீந்துருச்சும்மா."

குழந்தையையும் பெண்ணையும் படியேற்றி உள்ளே அனுப்பிவிட்டு ராமாத்தாள் திரும்பினாள். அதற்குள் ரஞ்சனி கீழே இறங்கியிருந்தாள். ராமாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பொண்ணுதான் சாமி. பிரியப்பட்ட பையனக் கட்டிக்கிட்டா. அவங்க வேற ஆளுங்க. இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரரும் அவரு அண்ணனும் சொல்லிட்டாங்க. மீறி வந்தா மாப்பிள்ளையச் சும்மா உட மாட்டேன்னு பெரியவரு ஆளுங்களை வெச்சே மெரட்டுனாரு. எங்கூட்டுக்காரரு கடைக்குப் போன பொறவு சங்ககிரியிலிருந்து வருவா. ஒரு வாய் சோறு தின்னுட்டு ஓடிருவா. பெரியவருகிட்டச் சொல்லிராதீங்க கண்ணு."

"அதுக்குத்தான் கேமராவ அணைக்கறீங்களா?"

ராமாத்தாள் விழித்தாள்.

"நான் எங்கீங்க அணைச்சேன்? மொதல் தடவ அவ அழுதுக்கிட்டு ஓடியாந்தப்ப எனக்குக் கேமரா நெனப்பே இல்ல. அன்னைக்கு அது நின்னு கெடந்துச்சுன்னு பெரியவரு சத்தம் போட்டப்பத்தான் தெரிஞ்சுது. அதுல இருந்து அவ வர்றப்பல்லாம் நின்னுருது. மாரியாத்தா பாத்துக்கறான்னு இருந்தேன். இன்னைக்கு நீங்க வந்து சரி பண்ணிட்டீங்களே."

ரஞ்சனி திடுக்கிட்டுப் போனைப் பார்த்தாள். படம் இல்லை. திரை கறுத்துக் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கரண்ட் இருக்கிறது, வைஃபை இருக்கிறது. கந்தப்பன் போனில் வெறும் ஆஃப்லைன் என்றுதான் காட்டும். கேமராவை மாட்டிய ரஞ்சனியின் போனில் காரணமும் வரும். வந்திருந்தது. மெயின் போனிலிருந்து யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

கேமராவைப் போடவும் நிறுத்தவும் முடிகிற அந்த மெயின் போன் ஒன்றே ஒன்றுதான். அதில் செட்டிங் போட்டுக் கொடுத்தவளே அவள்தான்.

அந்த நேரம் அதே நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. கொஞ்சம் தள்ளிப் போய் எடுத்தாள்.

"என்னங்க அம்மிணி, கேமரா என்னாச்சு?" மருதாசலத்தின் அதே கறார்க் குரல்.

"நின்னுருச்சுங்கய்யா. இப்பத்தான்."

கடையில் யாரோ நூல் விலை கேட்பது போனில் கேட்டது.

"அண்ணங்கிட்ட என்னன்னு சொல்லப் போறீங்க?"

உள்ளேயிருந்து குழந்தை சிரிக்கும் சத்தம் வந்தது. ரஞ்சனி யோசிக்கவே இல்லை.

"மத்தியானத்துல இந்த லைன்ல வோல்டேஜ் நிக்கறதில்லீங்க. எந்தக் கேமராவா இருந்தாலும் படுக்கத்தான் செய்யும். நான் சொன்னா அவரு கேட்டுக்குவாருங்க."

"செரி." மருதாசலம் குரலைத் தாழ்த்தினார். "பேரன் நடந்து படியேறுற வரைக்கும் பாத்துட்டு, பதிவையும் அழிச்சுட்டுத்தான் அணைச்சேன் அம்மிணி. அவங்க சாப்பிட்டு பஸ் ஏறட்டும், நானே போட்டுக்கறேன். ஊட்டுல சொல்ல வேண்டாம்."