உபயோகிக்க ஆளில்லை

லென்சுக்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் வந்தவர்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு.

அவள் எதிரே நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

"பூஞ்சை ஒண்ணும் இல்ல. ரொம்பச் சுத்தமா வச்சிருக்காங்க."

வச்சிருந்தாங்க, என்று மனசுக்குள் திருத்திக்கொண்டாள்.

அவர் பெயர் ஹபீப். காயல்பட்டினத்தில் மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவர்கள் தங்களுக்குள் கேமராவும் லென்சும் விற்று வாங்க ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அவள் கணவன் டெல்வினும் அதில் இருந்தான்.

அவன் போனிலிருந்து அவள்தான் போட்டாள். கேமரா, பெரிய லென்ஸ், ட்ரைபாட்.

ஏன் விற்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

உபயோகிக்க ஆளில்லை, என்று எழுதினாள்.



பூநாரை வந்திருக்கிறது என்று விடியலிலேயே உப்பளத்துக்குப் போனவன். வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறான். உப்பு வார வந்தவர்கள் பார்த்தபோது, ட்ரைபாட் மேல் கேமரா அசையாமல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

அவனுக்குப் பின்னால் அதுவும் வீட்டுக்கு வந்தது. பீரோவில் வைத்தாள்.

திறக்கும்போதெல்லாம் அது அவளைப் பார்த்தது.

திறப்பதை நிறுத்தினாள். கொடியில் கிடந்த புடவைகளையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டாள்.

விற்கப்போவதை மாமாவிடம் சொல்லவில்லை. டெல்வினின் அப்பா. பார்வை போய் வருஷங்களாகிறது. மத்தியானம் சாப்பிட்டதும் உள்ளறையில் அசந்து தூங்குவார். அந்த நேரமாகப் பார்த்துத்தான் ஹபீபை வரச் சொல்லியிருந்தாள். மாமா எழுவதற்குள் அது வாசலைத் தாண்டிவிட வேண்டும்.

ஹபீப் தன் சட்டைப்பையிலிருந்து மெமரி கார்டு ஒன்றை எடுத்துக் கேமராவில் செருகினார்.

"ஒரு தடவ அடிச்சுப் பாத்துக்கிறேன் தங்கச்சி."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

ஷட்டர் சடசடவென்று அடித்தது.

வீடு முழுக்கக் கேட்டது.

உள்ளறையில் கட்டில் முனகியது.

"ஏல, எப்ப வந்த?"

ஹபீப் கேமராவை இறக்கினார். அவளைப் பார்த்தார்.



மாமா சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். உள்ளங்கையால் தலைமுடியைப் படிய வைத்தார். மகன் படம் எடுக்கும்போது என்னென்ன செய்வாரோ, அத்தனையும் செய்தார்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் மகன் முகத்தை விரல்களால் தடவித் தடவிப் பார்த்தவர்தான். கல்லறையில் முதல் பிடி மண்ணைப் போட்டவர்தான்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று அவர் தோளைத் தொட்டாள்.

"மாமா, இவங்க வந்து..."

"தெரியும்மா. எடுக்கச் சொல்லு."

ஹபீப் ஜன்னலோரம் முட்டி போட்டு உட்கார்ந்தார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஐயா, இந்தப் பக்கம் பாருங்க."

ஒன்று எடுத்தார்.

"ஒண்ணோட விடமாட்டானே," என்றார் மாமா.

ஹபீப் இன்னும் எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு, எழுந்திருக்காமல், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"நான் வேணா இன்னொரு நாளைக்கு..."

"கொண்டு போங்க தம்பி. பீரோவுல கெடந்து என்னத்துக்கு?" மாமா அவளிருந்த பக்கம் தலையைத் திருப்பினார். "அந்தக் கதவுச் சத்தம் கேட்டே எத்தனை நாளாச்சு."

ட்ரைபாடை அவளே மடக்கி, பையில் போட்டுக் கொடுத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஹபீப் படத்தை அனுப்பினார்.

அடுக்களையில் நின்றபடியே திறந்தாள்.

மாமா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அவள் பார்த்து நாளாகிவிட்டது. ஆனால் முகம் ஜன்னல் பக்கம் இல்லை. எப்போதும் குரல் வருகிற பக்கம்தான் திரும்புவார். ஹபீப் ஜன்னலோரம் இருந்து கூப்பிட்டும் திரும்பவில்லை. அடுக்களை நிலைப்படியைப் பார்த்தபடி இருந்தார்.

டெல்வின் நிலைப்படியில் சாய்ந்து நின்றுதான் எடுப்பான். அங்கிருந்து பார்த்தால்தான் அப்பா முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறது என்பான்.

படத்தைப் பெரிதாக்கினாள்.

நாற்காலிக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள்.

அவள் கண்ணும் அங்கேதான் இருந்தது.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

எப்போது பார்த்தோம், எதற்குச் சிரித்தோம் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவில்லை.

"எம்மா," மாமா உள்ளறையிலிருந்து கூப்பிட்டார். "படம் வந்துட்டா?"

"வந்துட்டு மாமா."

"எந்தப் பக்கம் பாத்திருக்கேன்?"

அவள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். நிலைப்படி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"சரியாத்தான் பாத்திருக்கீங்க," என்றாள்.