காடைக்குஞ்சைச் சேர்க்கப் போன இடம்

காக்கை கொத்தியதில் மகளின் முதுகு புண்ணாகிப்போக, பதறிய அம்மா காடை, சண்டை கற்றுக்கொடுக்கும் சேவலிடம் அவளைக் கூட்டிப் போனது.

"ஒரே மாசம். அப்புறம் உங்க பொண்ணு யாருக்கும் பயப்பட மாட்டா" என்றது சேவல்.

வரிசையில் நின்ற குஞ்சுகள் இமைகூடக் கொட்டவில்லை. அம்மா காடை ஓரமாய் நின்ற கௌதாரிக்குஞ்சிடம் குனிந்து, "உனக்குப் பயமெல்லாம் போயிடுச்சா கண்ணு?" என்று கேட்டது.

குஞ்சு சேவலின் முகத்தைப் பார்த்தது. சேவல் தலையசைத்த பிறகுதான், "போயிடுச்சு" என்றது.

"இன்னைக்கே சேர்த்துக்கலாமா?" என்றது சேவல்.

"இவ அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது காடை.

"அம்மா, எனக்குத்தான் அப்பா இல்லையே?"

"பேசாம ஓடுடி!"