மெலனிக்கு வராத பேச்சு

ஆழ்வார்பேட்டையிலிருந்த பேச்சுப் பயிற்சி மையத்தில், அப்பா ஜாஸ்பரின் மடியில் உட்கார்ந்திருந்த இரண்டரை வயது மெலனி, தண்ணீர் பாட்டிலை விரலால் காட்டினாள். அவன் எடுத்துக் கொடுத்தான்.

“எது வேணும்னாலும் இப்படித்தான் மேடம். ‘அம்மா’வைத் தவிர வேற வார்த்தையே வரல. லேட்டாப் பேசுவான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் விட்டுட்டேன்” என்றாள் அவன் மனைவி டீனா.

“காது நல்லாத்தான் கேக்குது. பகல்ல யார்கூட இருக்கா?” என்று கேட்டார் பயிற்சியாளர்.

“இவர்கூடத்தான். நான் தரமணிக்கு ஆபீஸ் போயிடுவேன். இவருக்கு வீட்லேருந்தே வேலை.”

“அவகூட நிறையப் பேசுவீங்களா சார்?”

ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் ஜாஸ்பர்தான். இந்தக் கேள்விக்கு மட்டும் தலைகுனிந்தான்.

“பே... பேசவே மா... மாட்டேன் மேடம். என் தி... திக்கல் அவளுக்கும் ஒ... ஒட்டிக்குமோன்னு...”

டீனா திடுக்கிட்டாள். அவன் திக்கலும் அதனால் அதிகம் பேசாததும் அவளுக்குத் தெரியும்; இந்தப் பயத்தில் மகளிடம் பேசாமலே இருந்தது தெரியாது.

“கேக்கறதால திக்கல் ஒட்டிக்காது சார். பயிற்சி நான் குடுக்கறேன். ஆனா உங்க பேச்சும் அவளுக்கு வேணும்.”

ஜாஸ்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைத் தன் பக்கம் திருப்பினான்.

“மெ... மெ... மெலனி!”

குழந்தை வியப்போடு கையை நீட்டி, அவன் உதடுகளைத் தொட்டுப் பார்த்தாள்.