தள்ளி வைத்த இழை

“இழையைச் சுவர்லேருந்து தள்ளி வச்சு ஆரம்பிச்சுப் பார்த்தீங்களா?” என்று ஊசி கேட்டதும் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஊசி என்பது நாங்கள் வைத்த பெயர். எந்தக் கருத்தரங்கிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரே கேள்வியில் காற்றைப் பிடுங்கிவிடும் பேராசிரியர். அவருக்கும் மேடையில் நின்றிருந்த என் கணவருக்கும் ஏழாம் பொருத்தம்.

திரையில் ஓர் ஆர்.என்.ஏ. இழை, தன்னை ஈர்க்கும் சுவரில் பல்லி மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. எல்லாம் கணினிக்குள் நடக்கும் கணக்குதான். போட்டவள் நான். கட்டுரையில் முதல் பெயரும் என்னுடையது. நாளைக்குக் குட்டு உடைந்தால் நாறப்போவதும் அந்தப் பெயர்தான்.

நேரம் மிச்சமாகும் என்று இழையைத் தொடக்கத்திலேயே சுவரில் ஒட்டி வைக்கச் சொன்னவர் என் கணவர். ஒட்டி வைத்தது ஒட்டியே இருந்தது. “பார்த்தியா, என்னா ஈர்ப்பு!” என்று குதித்தார். இதற்குப் பெயர் கண்டுபிடிப்பாம்.

தள்ளி வைத்தும் கணக்கை ஓட்டிக் காட்டினேன். இழை தனக்குள்ளேயே மடிந்து சுருண்டுகொண்டது. சுவர்ப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

“அதைத் தூக்கிக் குப்பையில போடு. யாராவது கேட்டா ஆமான்னு தலையாட்டு, போதும்” என்றார் இன்று காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது மேடையிலிருந்து இளித்தார். “அதெல்லாம் பார்த்தாச்சு சார், நல்லா ஒட்டுச்சு. கணக்குப் போட்டவங்களே இருக்காங்க, கேளுங்க.”

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

“தள்ளி வச்சா ஒட்டல சார்” என்றேன்.

அவர் கையிலிருந்த லேசரின் சிவப்புப் புள்ளி திரையை விட்டுக் கூரைக்குப் போனது.

காரில் ஏறியதுமே ஆரம்பித்தார். “மண்டு! உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு தெரிஞ்சுதான் கேட்டிருக்கான். அவனுக்கு எவன் சொல்லிக் குடுத்தது?”

வழி நெடுக ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார். தன்னிடம் படிக்கும் மாணவன், பக்கத்து அறை வேதியியல்காரர், கணினி பழுதுபார்க்க வருகிறவர். எல்லாரையும் வாய்க்கு வந்தபடி வைதார்.

தேநீர் இடைவேளையில் சர்க்கரையை நீட்டும் சாக்கில் ஊசியிடம் அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தவள், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. என் பெயர் மட்டும் அவர் வாயில் வரவேயில்லை.

அதற்காகவும் அவரை நான் மன்னிக்கப் போவதில்லை.