நாலு மூளைக்கும் சொல்லியாச்சா

சுருளிப்பட்டி மகாஜனங்களுக்கும், இனிமேல் பிறக்கப்போகிற அவர்களுடைய சந்ததிகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, புரட்டாசி ஏழாம் நாள், காலை ஒன்பது மணியோடு மனிதனுக்கு மனிதன் தண்ணீர் பங்கிட்ட இருண்ட காலம் முடிவுக்கு வந்தது.

முடித்துவைக்க மதுரையிலிருந்து அம்பாசடர் காரில் வந்திறங்கியது நாலு மூளை கொண்ட கம்ப்யூட்டர்.

அதற்குச் சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை. மாலை திரையை மறைத்ததால் அதைத் தூக்கிப் பிடிக்க ஒருவனை நிறுத்தியிருந்தார்கள்.

பாசன சங்கத் தலைவர் சங்கரலிங்கம் விஞ்ஞானத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். விஞ்ஞானம் குறுக்கிடவில்லை.

உட்காராமல் நின்றுகொண்டிருந்தவள் ராக்கம்மாள் ஒருத்திதான். நாலாம் வாய்க்காலின் கடைசியில் அவளுக்கு அரை ஏக்கர். நட்டு ஒன்பது நாள், தரை வெடித்துவிட்டது. கண்மாயில் கிடப்பதோ இரண்டு மணி நேரம் ஓடுகிற தண்ணீர். மழை வருகிறவரை அவ்வளவுதான். இன்றைக்கு எட்டாவிட்டால் நட்டது வைக்கோல்.

எந்த வருஷமும் எட்டியதில்லை. தலைமடைக்காரர்கள் குடித்ததுபோக மிச்சம்தான் கடைமடைக்கு. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் இந்தப் பெட்டி. அது பட்டியல் தருகிறவரை மடையை யாரும் தொடக் கூடாதென்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

ராக்கம்மாளுக்குப் பெட்டிமேல் சந்தேகம். அதைக் கொண்டுவந்த கல்லூரி வாத்தியார் ஞானதுரைமேல் சந்தேகம். மாலையைத் தூக்கிப் பிடித்திருந்தவன்மேலும் கொஞ்சம்.

ஞானதுரை விளக்கினார். நாலு வாய்க்காலுக்கு நாலு மூளை. நாலும் ஒரே நேரத்தில் கணக்குப் போடும். சூத்திரம் மாதிரி எழுதிய புரோகிராம் இது. ஓட ஆரம்பித்துவிட்டால் நடுவில் எவனும் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது, எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் சரி. அதனால் விதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புரோகிராமின் பேரைத் தட்டுகிற அதே வரியில், பேருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டுச் சொன்னால் போதும்.

இன்றைய விதி: கடைமடை முதலில்.

தட்டினார். அச்சடிக்கிற மிஷின் அலறியது.

முதல் வாய்க்கால் பட்டியலில் கடைமடைக்காரன் சின்னக்கருப்பு பேர் உச்சியில் இருந்தது. நாலாம் வாய்க்கால் பட்டியலில் ராக்கம்மாள் பேர் நாற்பத்தொன்றாவது.

மொத்தமே நாற்பத்தொரு பேர்.

“ஏன்யா, இந்த விதிய ஆருகிட்டச் சொன்னீக?”

“முதல் மூளைகிட்டம்மா. அதுதான் வரியைப் படிக்கும்.”

“நடவுக்கு நாலு பேரக் கூட்டியாந்து, நெருக்கி நடுன்னு முன்னால நிக்கிறவகிட்ட மட்டும் சொன்னா, மத்த மூணு பேரும் அவளுக இஷ்டத்துக்குத்தான்யா நடுவாளுக. இங்கன அந்த மூணு பேரு காதுல ஆரு போட்டாக?”

கூட்டம் சிரித்தது. ஞானதுரையும் சிரித்தார், படித்தவர் சிரிக்க வேண்டிய அளவுக்கு.

சங்கரலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. தலைமடையில் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருக்கிற மனிதர், “ஆத்தா கேக்குறது ஞாயந்தான். விதிய மாத்திப் போட்டுக் காட்டுங்க சார். ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.

‘தலைமடை முதலில்’ என்று மாற்றித் தட்டினார் ஞானதுரை. முதல் வாய்க்கால் பட்டியல் தலைகீழானது. மற்ற மூன்றும் ஓர் எழுத்து அசையவில்லை.

படித்தவர் சிரிப்பு அடங்கியது. வரியைப் படித்த முதல் மூளை, படித்ததை மற்ற மூன்றுக்கும் சொல்ல வேண்டும் என்று அவர் எழுதவே இல்லை. ஒன்றும் சொல்லப்படாதவர்கள் காலங்காலமாகச் செய்வதையே அவையும் செய்திருந்தன: வழக்கப்படி தலைமடையிலிருந்து ஆரம்பித்தன.

திருத்த இரண்டரை மணி நேரம் ஆகும் என்றார்.

“ஆகட்டும்” என்றார் சங்கரலிங்கம். எல்லோருக்கும் காப்பி, போண்டா தருவித்தார். ராக்கம்மாளுக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொன்னார். போண்டாமேலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் சூடாக இருந்தது.

கடைமடைச் சனம் அவளைச் சூழ்ந்துகொண்டது. மதுரை மூளை நாலையும் மண்டியிட வைத்தவள் என்று ஒருவன் கத்தினான். அவளுக்கே கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது.

பன்னிரண்டரைக்கு மிஷின் மறுபடி அலறியது.

நாலாம் வாய்க்கால். வரிசை எண் ஒன்று: ராக்கம்மாள்.

கைதட்டலில் மாலை பிடித்திருந்தவன் மாலையை விட்டுவிட்டான். ஞானதுரை அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

ராக்கம்மாள் தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். தலைமடைக்காரர்களின் முகம் எப்படிக் கறுத்திருக்கிறது என்று பார்க்க ஆசையாகத் திரும்பினாள்.

முதல் வரிசையில் தேடினாள். இரண்டாம் வரிசையில் தேடினாள். வாசலோரம் நின்றவர்களையும் எட்டிப் பார்த்தாள்.

சங்கரலிங்கத்தைத் தவிர தலைமடைக்காரர் ஒருவர்கூட இல்லை.

கண்மாய் பன்னிரண்டு மணிக்கே காலியாகியிருந்தது.