லாரியில் ஒரு கட்டில்

“ஏன்வே, வீட்டுல சண்டையா? கட்டிலையும் தூக்கிட்டு வந்துட்டீரு?”

வன்னியபெருமாள் கேட்டதும் டீக்கடைப் பெஞ்சில் இருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். டிப்பர் லாரியை ஓரங்கட்டி இறங்கிய செல்வகணேஷ் மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேரே லாரியின் ஃபிட்னஸ் டெஸ்டுக்கு வந்திருந்தான். நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை.

பெரிய லாரிகளுக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, பக்கவாட்டில் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். சைக்கிளில் போகிறவரோ நடந்து போகிறவரோ தடுமாறிச் சாய்ந்தால், வண்டிக்கு அடியில் போய்விடாமல் அது வெளியே தள்ளிவிடும். தடுப்பு இல்லாத லாரி டெஸ்டில் பாஸாகாது. ஆனால் குவாரி மேட்டில் தட்டுகிறது, டயர் மாற்ற இடைஞ்சல் என்று டிரைவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அந்த ஆகாமையில்தான் வன்னியபெருமாளின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. வள்ளியூரிலிருந்து வந்து டெஸ்ட் மைதானத்துக்கு எதிரே கடை போட்டிருந்த அவரிடம் ஒரே ஒரு ஜோடித் தடுப்பு இருந்தது. எந்த லாரிக்கும் பொருந்துகிற மாதிரி துளை போட்டு வைத்திருந்தார். டெஸ்டுக்கு முன்னால் மாட்டிவிடுவார். பாஸாகி வெளியே வந்ததும் கழற்றிக்கொண்டு வாடகை வாங்குவார். அதே கம்பி அடுத்த லாரிக்குப் போகும்.

செல்வகணேஷும் போன தடவை வரை அவரிடம் வாடகைக்கு எடுத்தவன்தான். இந்தத் தடவை வேண்டாம் என்றுவிட்டான். சொந்தமாகவே தடுப்பு செய்து வெல்டிங் வைத்து மாட்டியிருந்தான். மேலும் கீழும் கனமான இரும்புச் சட்டம். நடுவில், இரண்டு பக்கமும், ஒரு கட்டிலை அறுத்து எடுத்த கம்பிகள். லாரி முழுக்கப் புதுப் பெயிண்ட். கட்டில் கம்பி மட்டும் பழைய ரோஸ் நிறத்திலேயே இருந்தது.

“வாடகைக்குப் பயந்து கட்டில அறுத்தவன இன்னைக்குத்தான் பாக்கேன்,” என்றார் வன்னியபெருமாள். “அதுவும் குட்டக் கட்டிலு. ஒமக்குக் கால் நீட்டவே காணாதே.”

“காணாதுதான் அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு செல்வகணேஷ் வண்டியை மைதானத்துக்குள் விட்டான்.

இன்று பாஸாகவில்லை என்றால் நாளையிலிருந்து கல் லோடுக்கு வேறு வண்டி போய்விடும். அது வன்னியபெருமாளுக்கும் தெரியும். கட்டிலை வைத்துக்கொண்டு இவன் எங்கே பாஸாகப் போகிறான், திரும்பி நம்மிடம்தான் வருவான் என்று வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் ஸ்மிதா மேடம் குனிந்து பார்த்தாள். “இது எந்தா, கட்டிலோ?” என்று மலையாளத்தில் கேட்டாள். ஆமாம், ஆனால் பலமாக இருக்கும் என்றான் செல்வகணேஷ். வாய் வார்த்தையை நம்புகிறவள் இல்லை அவள். டேப் வைத்து அளந்தாள். கம்பி மேல் இரண்டு தடித்த டிரைவர்களை ஏறிக் குதிக்கச் சொன்னாள், அசையவில்லை. கடைசியாக வாட்ச்மேனின் சைக்கிளை வாங்கி லாரியின் பக்கமாகச் சரித்துத் தள்ளினாள். கம்பியில் மோதி சைக்கிள் வெளியே விழுந்தது. அந்த நேரத்தில் செல்வகணேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டதை வன்னியபெருமாள் கவனித்தார். பெயிலாகிவிடுவோம் என்ற பயம் போலிருக்கிறது.

“கொள்ளாம்,” என்றாள் ஸ்மிதா மேடம். அவள் வாயிலிருந்து அந்தப் பாராட்டு லேசில் வராது. வண்டி பாஸ்.

லாரி வெளியே வந்ததும் வன்னியபெருமாள் பக்கத்தில் போய்க் கம்பியைத் தடவிப் பார்த்தார். இரும்பு அறிந்த கை அவருடையது. வெல்டிங் ஒரு இடத்தில்கூட விட்டுப்போகவில்லை. யார் மேல் பட்டாலும் கிழிக்காதபடி ஒவ்வொரு முனையையும் ராவி மழுக்கியிருந்தான். கஞ்சத்தனத்தில் செய்கிற வேலை இல்லை இது. அவருக்கே தலை ஆடியது.

அதற்குள் இன்னொரு டிரைவர் விஜினின் லாரியும் பாஸாகி வந்து நின்றது, வன்னியபெருமாளின் தடுப்போடு. “அண்ணாச்சி, வேகம் கழட்டிக்கோ, லோடு உண்டு,” என்று அவன் மேலேயிருந்து அவசரப்படுத்தினான். வன்னியபெருமாள் ஸ்பானரோடு குந்தி உட்கார்ந்து முதல் நட்டை இளக்கினார். செல்வகணேஷ் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்து நின்றான்.

“வேலை அருமை வே, குறை சொல்ல ஒண்ணும் இல்ல,” என்றார் நிமிராமலே. “ஆனா ரெண்டு சட்டமே போதுமே. நடுவுல கட்டில் எதுக்கு?”

“பெரியாளுக்குப் போதும் அண்ணாச்சி. சின்னப் பிள்ளைன்னா இடைவெளியில போயிரும்.”

“அதுக்காக நல்ல கட்டில அறுக்கணுமா?”

“அதுல படுக்க இப்ப ஆள் இல்ல.” செல்வகணேஷ் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். “எம் மவ கட்டிலு. கரமனைப் பாலத்துக்கிட்ட சைக்கிள் சறுக்கி, ஒரு டிப்பருக்கு அடியில போயிட்டா. அந்த வண்டியும் அன்னைக்குக் காலையில ஒங்க கம்பியப் போட்டுப் பாஸானதுதான் அண்ணாச்சி.”

“கழட்டியாச்சா?” என்று விஜின் மறுபடியும் குரல் கொடுத்தான்.

வன்னியபெருமாள் இளக்கிய நட்டைத் திரும்ப இறுக்கினார். பிறகு சுத்தியலை எடுத்து, இனி யாராலும் கழற்ற முடியாதபடி, ஒவ்வொரு போல்டின் மரையையும் அடித்து நசுக்க ஆரம்பித்தார்.