போர்வைக்குளத்து மீன்

“முன்வாசல் வழியா வந்து தொலைக்காதே! பின்பக்கமா வா. பிள்ளைங்க பார்த்துட்டா மீன் வேஷம் கலைஞ்சிடும்.” யெனி போனில் கணவனிடம் கிசுகிசுத்தாள்.

ஸ்டெல்லன் பேருந்தை நிலையத்தில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்திருந்தான். அடுத்த நடைக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அவனால் அடுத்த அடி எடுத்துவைக்க முடியவில்லை.

“வந்தாங்களா?”

“வந்தாச்சு, வந்தாச்சு. ஏழு பேரும். பேசிட்டு நிக்காம உள்ளே வா.”

அப்பாடா! வயிற்றில் பாலை வார்த்தாள்.

மால்மோவில் ஒரு வருடம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு, இங்கே வடக்கே லிக்செலேயில் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது. மகன் மெல்கருக்குத்தான் ஒரு சிநேகிதன் கிடைக்கவில்லை. ஐந்து மாதமாகப் பள்ளிக்குத் தனியாகப் போகிறான், தனியாக வருகிறான், பனியில் தனியாகவே கோட்டை கட்டி தனியாகவே இடிக்கிறான். பெற்றவன் எத்தனை நாள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது?

இன்று மெல்கருக்கு எட்டாவது பிறந்தநாள். காலையிலேயே ஸ்டெல்லன் மனம் விட்டுச் சொல்லிவிட்டான். “யெனி, இன்னிக்கு ஒருத்தரும் வரலைன்னா நாளைக்கே வேலையை விட்டுடுவேன். புள்ளையை இப்படித் தவிக்கவிட்டுட்டு எனக்கென்ன சம்பளம் வேண்டிக்கிடக்கு?” மெல்கர் பக்கத்தில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தான்.

பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தான். அடுப்பில் பாத்திரம் நிறைய சாசேஜ் ஆறிக் கிடந்தது. பச்சைக் கேக்கின் மேல் இருந்த சர்க்கரை ரோஜாவின் ஒரு இதழ்கூடக் கலையவில்லை.

பெரியவர் ஒருவர் மறைவில் மீனாக உட்கார்ந்து பிள்ளைகளின் தூண்டிலில் இனிப்புப் பை மாட்டிவிடும் மீன்பிடிதான் பிறந்தநாள் விருந்தில் எப்போதும் கடைசி விளையாட்டு. இனிப்புப் பை கைக்கு வந்துவிட்டால் எந்தப் பிள்ளையும் அதற்குமேல் நிற்காது, மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். ‘நான் வேலைக்கு ஓடணுமேன்னு முறையை மாத்திட்டா போலிருக்கு’ என்று நினைத்துக்கொண்டான்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நீலப் போர்வை கட்டியிருந்தது. அதுதான் குளம். அதற்குப் பின்னால் தரையில் பெயர் எழுதிய எட்டுப் பைகள். ஸ்டெல்லன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ‘பிளப், பிளப்’ என்று நீர்க்குமிழி விட்டான். அந்தப் பக்கம் பாட்டு காதைப் பிளந்தது.

“முதல்ல யால்மார்!” மெல்கரின் குரல்.

போர்வைக்கு மேலே தூண்டில் நூல் வந்து விழுந்தது. நுனியில் துணி கிளிப். ஸ்டெல்லன் யால்மாரின் பையை மாட்டி, நூலை இரண்டு தரம் சுண்டிவிட்டான். பை மேலேறி மறைந்தது.

“பிடிச்சிருக்கா யால்மார்?” என்றாள் யெனி. பதிலுக்கு, மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுக்கிற ஒரு சத்தம் மட்டும் வந்தது.

ஸ்டெல்லன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இந்த ஊர்க்காரர்கள் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்! ‘ஆமாம்’ என்பதற்குக்கூட மூச்சை ஒரு இழு இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பேருந்தில் தினமும் பார்க்கிறான். பிள்ளைகளும் அப்படியேதான் வளர்ந்திருக்கின்றன.

“அடுத்து சிக்னே! ஏய், தள்ளாதீங்கப்பா, வரிசையா வாங்க!”

அட, என் பிள்ளை நாலு பேரை அதட்டுகிறானா! ஸ்டெல்லனுக்குக் கண் கரித்தது. போர்வையை விலக்கி ஒரே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. வேண்டாம், மீன் தலையை நீட்டினால் விளையாட்டே கெட்டது.

சிக்னேயின் நூலை விடாமல் பிடித்து இழுத்தான். “நான் கிழட்டு மீன்! அவ்வளவு லேசுல விடமாட்டேன்!” என்று உறுமினான். அந்தப் பக்கம் கெக்கலி கொட்டிய சிரிப்பு. மெல்கருடையதுதான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று!

ஏழு பெயர்கள் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சிழுப்பு. “கடைசியா நான்!” என்றான் மெல்கர். அவன் பைக்குள் ஸ்டெல்லன் ஒரு குட்டிப் பொம்மைப் பேருந்தையும் சொருகிவிட்டு நூலைச் சுண்டினான்.

“ரொம்ப நன்றி, மீனே!”

நேரமாகிவிட்டது. போர்வையின் ஓரத்தில் வாயை வைத்து, “யெனி, சொல்லிட்டேன், இனிமே இந்த ஊரை விட்டு எங்கேயும் போகல. பிள்ளைங்களுக்கு நல்லா சாப்பாடு போடு” என்றான்.

“சரி, சரி. நீ ஓடு.” அவள் குரல் கம்மியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது போலும்.

வேலி தாண்டும்போதுதான் தலையைத் தடவிப் பார்த்தான். தொப்பி இல்லை. போர்வைக்குப் பின்னாலேயே கழற்றி வைத்தது. தன்னையே திட்டிக்கொண்டு, பூனை நடை நடந்து திரும்பி வந்தான்.

பாட்டை நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் பொட்டுச் சத்தம் இல்லை. அவன் குனிந்து தொப்பியை எடுத்தபோது, போர்வைக்கு அந்தப் பக்கம் மெல்கர் மெல்லக் கேட்டான்.

“அம்மா, யாரும் வரலைன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?”